கிழக்குப் பாத்தி

ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மேற்கிலிருந்து வீசிய காற்று புழுதியை அள்ளி அள்ளி ஊராட்சி அலுவலகத்துச் சன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டாக்டர் ஜெசிந்தா எழுந்து, எங்கள் மண்ணைப் பற்றிய முடிவை வாசிக்கத் தொடங்கினார். நேரத்தை இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்களா? எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த நாற்காலிக்கு வாருங்கள், மின்விசிறிக் காற்று இங்கேதான் விழும். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிடுங்கள். திரை மேலே தெரியும்படி. தவறாக எண்ண வேண்டாம். உங்கள் ஊரிலும் எண்ணெய்க் குழாய் வெடித்துப் பதினெட்டு நாள் ஆகிறது, அதே டாக்டர் அங்கேயும் வந்து பாத்தி கட்டிக் கிருமி விடட்டுமா என்று கேட்கிறார், விடலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்கிறீர்கள். இருக்கலாம். என்னிடம் வரும்படி உங்களுக்குச் சொன்னது யார்? பக்கிரிசாமி அண்ணனா? ம். மோர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள். ஆதலால் ஆராய்ச்சி என்றதும் கும்பிடவும் மாட்டேன், ஓடவும் மாட்டேன். நிதானமாகப் பார்ப்பேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

தை ஆறாம் தேதி விடியற்காலை குழாய் வெடித்தது. அறுவடைக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்குப் பதினான்கு மா நிலம். அதற்குக் கீழே வடிகாலை ஒட்டிப் பக்கிரிசாமி அண்ணனுக்கு ஐந்து மா. அவருக்கு இருப்பதே அந்த ஐந்து மாதான். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது, அவருக்கு அந்த வயலைத் தவிர வேறு கிடையாது. கச்சா எண்ணெய் என் வயலில் கிளம்பி, சரிவு பார்த்து அவர் வயலில் போய்த் தங்கிவிட்டது. கதிர் எல்லாம் கறுத்துப் போய், எரிகிற வீட்டைத் தண்ணீர் ஊற்றி அணைத்தது போல ஒரு வாடை. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், மேலே மிதந்ததை உறிஞ்சினார்கள், நான்கு லாரி புது மண்ணை என் வயலின் ஓரத்தில் கொட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள்.

பங்குனியில் ஜெசிந்தா வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறேன் என்றார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். ஏன் சிரிக்க வேண்டும்?

அவர் சொன்னது இதுதான். எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. எண்ணிக்கை போதாது, அவ்வளவுதான். எங்கள் வயல் மண்ணிலிருந்தே அவற்றைப் பிரித்து எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, கேனில் கொண்டுவந்து ஊற்றுவார். எண்ணெய் மண்ணோடு கெட்டியாக ஒட்டியிருந்தால் கிருமியால் தின்ன முடியாது. எனவே பூந்திக்கொட்டையைக் காய்ச்சி அந்த நுரைத் தண்ணீரையும் சேர்த்து விடுவார். எண்ணெய் உடைந்து பொடிப்பொடியாகும், கிருமி தின்னும். தத்துவத்தில் பிழை இல்லை. சவர்க்காரம் செய்கிற வேலை அது. பதினோராம் வகுப்பிலேயே நடத்துகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் மண்ணிலிருந்து எடுத்துப் போனதை எங்களுக்கே கேனில் அடைத்துக் கொண்டுவருகிறார். நாங்கள் தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டையை எங்கள் வயலுக்கே ஊற்றுகிறார். இதில் அவருடையது என்று என்ன இருக்கிறது? அதைக் கேட்டே விட்டேன்.

“கேன் என்னோடது டீச்சர்” என்றார்.

பக்கிரிசாமி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “டாக்டர் பாப்பா, எங்க டீச்சரம்மாவையே மடக்கிட்டியே!” என்றார். அவருக்கு அன்றைக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. எனக்கு அப்படிச் சட்டென்று எவரையும் பிடிப்பதில்லை.

ஒப்பந்தம் ஊராட்சி அலுவலகத்தில், எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. என் வயலில் பத்தடிக்குப் பத்தடியாக இரண்டு பாத்தி. மேற்குப் பாத்திக்குக் கிருமியும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும். கிழக்குப் பாத்திக்கு வெறும் தண்ணீர். தொண்ணூறு நாள். மேற்கில் எண்ணெய் கிழக்கைவிட நன்றாகக் குறைந்திருந்தால் என் வயலையும், பக்கிரிசாமி அண்ணன் வயலையும், இன்னும் ஒன்பது பேர் வயலையும் கம்பெனி தன் பொறுப்பில் சுத்தம் செய்து தரும். குறையாவிட்டால் கிடையாது. கம்பெனி அதிகாரி கையெழுத்திட்டார். நானும் இட்டேன். பக்கிரிசாமி அண்ணன் நிறுத்தி நிதானமாக, தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் கோலம் போடுவது போல இட்டார்.

நீங்கள் கேட்கலாம், வேதியியல் படித்தவளுக்கு வெறும் தண்ணீர்ப் பாத்தி எதற்கு என்று தெரியாதா? தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். ஆய்வகத்தில் நானே ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன், வெற்றுக் குழாயைத் தொடாதே, அதைத் தொட்டால் உன் கணக்கு முழுவதும் வீண் என்று. ஆனால் சோதனைக் குழாய்க்குப் பட்டா கிடையாது. இது என் நிலம்.

பங்குனி இருபத்திரண்டில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பேருந்தில் வருவார், இரண்டு கையிலும் இரண்டு கேன். புளித்த மோர் வாடை அடிக்கும். ஊற்றுவார், மண்வெட்டியால் தாமே கொத்திப் புரட்டுவார், காற்றுப் போக வேண்டுமாம். ஐந்தரைப் பேருந்துக்குப் போய்விடுவார். மற்ற நாள்களில் இரண்டு பாத்திக்கும் குடக் கணக்கில் ஒரே அளவாகத் தண்ணீர் விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். “கெமிஸ்ட்ரி டீச்சர் வயல் கிடைச்சுதே, நான் குடுத்து வச்சவ” என்றார். அளவுக்கு மீறிப் புகழ்கிறவர்களிடம் எனக்குக் கவனம் கூடும்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. அன்று அவர் பேருந்தில் வரவில்லை. கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினார். பேருந்தைத் தவறவிட்டாராம், வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டார்களாம். மொத்தம் பதின்மூன்று முறை வந்ததில் ஜீப்பில் வந்தது ஒரு முறைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு முறை வந்தாரா, இல்லையா? வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கேட்டேன், “மருந்துக்கு மேற்கு, வெறும் தண்ணீருக்குக் கிழக்கு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?”

“காசு சுண்டிப் போட்டேன் டீச்சர். பூ விழுந்தா மேற்குன்னு நினைச்சேன், பூ விழுந்துச்சு.”

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன நிலத்தில், எந்தப் பாதி பிழைக்க வேண்டும், எந்தப் பாதி சாக வேண்டும் என்று காசு சுண்டியிருக்கிறார். அதை முகம் சுளிக்காமல் என்னிடமே சொல்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும், சார்பு வராது என்று விளக்கம் வேறு. சரி, சார்பு வராது. ஆனால் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது? கிழக்கே. மருந்து இல்லாமல் கிடக்கப் போவது எது? கிழக்கு. தொண்ணூறு நாளில் மேற்கு தேறிவிடும், கிழக்கு கறுப்பாகவே நிற்கும். ‘குழாய் ஓரத்து மண் இனி எதற்கும் ஆகாது, எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இரண்டாவது குழாய் பதித்துக்கொள்கிறோம்’ என்று வருவார்களா, மாட்டார்களா? எவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்கிற வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

அன்று மாலை அவருடைய பேருந்து புறப்பட்ட பிறகு, ஐந்தே முக்காலுக்கு, வயலுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேல் வயலில் தண்ணீர் நின்றால் கீழ் வயலுக்கு மடை திறந்துவிட வேண்டும். திறக்காமல் வைத்துக்கொண்டு படுத்தவன் எங்கள் ஊரில் கிடையாது. மேற்குப் பாத்தி கிழக்கைவிட நான்கு விரற்கடை மேடு. நுரைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் கிழக்கு காய்ந்து கிடக்கிறது. நான் ஒரு சாண் அகலத்துக்கு வரப்பை விலக்கினேன். வரப்புக்குள்ளே அந்தப் பெண் ஒரு பாலிதீன் தாளை நிறுத்திப் புதைத்திருந்தார், ஒரு பக்கத்து நீர் மறுபக்கம் கசியாமல் இருக்க. தாளை நான் கிழிக்கவில்லை. முனையைப் பதமாக மடித்துச் சாய்த்து வைத்தேன். இருபது நிமிடம் ஓடவிட்டு, மறுபடி நிமிர்த்தி, மண் அணைத்து, மேலே பழைய காய்ந்த மண்ணைத் தூவி மூடினேன். பிறர் பொருளைச் சேதப்படுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

இது வெறும் இரக்கத்தால் செய்ததும் அல்ல. யோசித்துத்தான் செய்தேன். மருந்து உண்மையானால் கிழக்கும் தேற வேண்டும். போலியானால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. அவர் என் நிலத்தைச் சோதிக்கும்போது நான் அவரைச் சோதிக்கக் கூடாதா? இரண்டு சோதனையும் ஒரே வயலில் நடந்தன. அவருடையதைப் போலவே என்னுடையதற்கும் குறிப்பேடு உண்டு. தேதி, நேரம், எத்தனை நிமிடம், எத்தனை விரற்கடை உயரம். பதினொரு செவ்வாய்க்கிழமை. ஒன்று கூடத் தவறவில்லை.

நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ... இல்லை, ஐந்தாவது, வைகாசி மூன்று... பக்கிரிசாமி அண்ணன் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்துவிட்டார்.

“என்ன டீச்சரம்மா, வெளக்கு வைக்கிற நேரத்துல மம்பட்டியும் கையுமா?”

“எலி வளை. அடைக்கிறேன் அண்ணே.”

“எலியா? எண்ணெ நாத்தத்துல பாம்பே இந்தப் பக்கம் வல்ல, எலி வந்துருக்கா! அப்ப மண்ணுல உசிரு வந்துட்டுன்னு அர்த்தம்” என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. மாட்டிடம் கூடச் சொல்லிக்கொண்டு போனார்.

அறுபதாம் நாள் ஜெசிந்தா முகம் சரியில்லை. கண்ணாடிச் சீசாவில் மண் எடுத்துக்கொண்டு போனதன் முடிவு வந்திருந்தது. மேற்கில் எண்ணெய் பாதிக்கு மேல் போய்விட்டது. கிழக்கிலும் ஏறக்குறைய அதே அளவு போயிருந்தது. இரண்டு பாத்தியிலும் கோரை முளைத்திருந்தது. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இந்த வரப்புல யாராவது கை வச்சாங்களா?”

“என் வரப்பில் என்னைத் தவிர யார் கை வைப்பார்கள்?” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். “அதானே. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்றார். நான் பொய் சொன்னேனா? சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னேன். அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அவர் பாடு.

சரி, ஆடி பத்தொன்பதுக்கு வருகிறேன். அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பதினொரு பேரும் வந்திருந்தோம். பக்கிரிசாமி அண்ணன் சலவைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சம்பா விதை நெல்லை எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டு வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா வாசித்தார். தொடக்கத்தில் இரண்டு பாத்தியிலும் ஒரு கிலோ மண்ணில் நாற்பத்திரண்டு கிராம் எண்ணெய். தொண்ணூறாம் நாள் மேற்கில் பதினைந்து. கிழக்கில் பதினேழு. அந்தப் பதினேழை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அதிகாரி பேனாவை மூடினார். “அப்போ வெறும் தண்ணியிலேயே மண்ணு தானா ஆறிடுது. கிருமி, கஷாயம் எல்லாம் தேவையே இல்ல. நல்ல சேதிதானே? எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம்.”

பார்த்தீர்களா? எவ்வளவு தயாராக வந்திருந்தார் என்று பார்த்தீர்களா? கணக்கைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் விடை. முன்கூட்டியே பேசி வைக்காமல் எப்படி வரும்?

பக்கிரிசாமி அண்ணன் எழுந்தார். “சார், வெறும் தண்ணியில ஆறும்னா எம் வயக்கு மழ பேயலீங்களா? கோடை மழை நாலு பேஞ்சுது. ஆறு மாசமா தார் ஊத்துன மாதிரி அப்புடியேதானே கெடக்கு? வந்து பாருங்க, வண்டிய எடுங்க.”

“அதை யாரும் அளக்கலையே பெரியவரே. அளந்ததைத்தான் நாங்க பேச முடியும்.”

“கண்ணால பாத்தா அளவு இல்லீங்களா?”

இல்லை என்று அதிகாரி தலையாட்டினார். பக்கிரிசாமி அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். திடீரென்று அவருக்கு ஏதோ பிடி கிடைத்தது போல முகம் மலர்ந்தது. “இருங்க, இருங்க. எலி! எலி வளை இருந்துச்சு சார் அந்த வரப்புல. டீச்சரம்மா அடைச்சாங்க, நான் கண்ணால பாத்தேன். மேக்கால ஊத்துன மருந்து வளை வழியா கிழக்கால போயிருக்கும். அதான் அதுவும் ஆறிருக்கு. கேளுங்க டீச்சரம்மாவ!”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா எழுந்து என் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

“பாலிதீனைத் தோண்டி எடுத்துப் பாத்தேன் டீச்சர். ஒரு ஓட்டை இல்ல. எலி கடிச்சிருந்தா தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா எப்படியோ தண்ணி போயிருக்கு. எத்தனை தடவை, என்னைக்குன்னு எழுத்துல ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக்கூடப் போதும். நான் போராடி இன்னொரு தொண்ணூறு நாள் வாங்கிடுவேன். உங்ககிட்ட ஏதாவது குறிப்பு இருக்கா? நீங்க எல்லாத்தையும் எழுதுவீங்களே.”

குறிப்பேடு என் கைப்பையில் இருந்தது. மடியில் இருந்தது பை.

இப்போது நீங்கள் ஒரு நிமிடம் என் இடத்தில் இருந்து பாருங்கள். என் கையெழுத்தில், தேதி வாரியாக, பதினொரு முறை வரப்பைத் திறந்ததாக ஒரு சான்றை எடுத்து அந்த மனிதர் முன்னால் வைக்கிறேன். என்ன சொல்வார்? ‘விவசாயிகளே ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பார். அவ்வளவுதான், அதோடு முடிந்தது. ‘கெடுத்தது ஒரு வேதியியல் ஆசிரியை’ என்றும் சேர்த்துக்கொள்வார். அதற்காகத்தான் அந்தப் பெண் அவ்வளவு அன்பாகக் கேட்கிறாரோ என்று எனக்குத் தோன்றிற்று. ஜீப்பில் வந்தவர்தானே.

“எலி வளைதான்” என்றேன். “குறிப்பு ஒன்றும் இல்லை.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். பையை ஏன் பார்க்க வேண்டும்? திரும்பிப் போய்த் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். காற்றில் ஒரு தாள் பறந்தது, அதைப் பக்கிரிசாமி அண்ணன்தான் ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுத்தார். அதிகாரி எழுதினார், ‘சிகிச்சைக்கும் வெறும் நீருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை.’ மணி மூன்று ஐம்பது. நாற்பது நிமிடத்தில் பதினொரு பேருடைய நிலத்தை முடித்துவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த மருந்து வேலை செய்கிறது. அதில் எனக்கு ஐயமே இல்லை, என் கண்ணால் பார்த்தேன், என் சோதனையில் நிரூபித்தேன். கிழக்கில் பதினேழுக்கு வந்தது எதனால்? மருந்தால். அதை அவர்கள் மறைத்துவிட்டார்கள். ஆதலால் அந்தப் பெண் வரட்டும், ஊற்றட்டும். ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றுகிற பாத்தி என்று ஒன்றை ஓரமாக ஒதுக்குவார். அதை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். விழிப்பாக இருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? குறிப்பேடா? இருக்கிறது. காட்டுவதற்கில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரிலேயே தங்கிவிட்ட ஜெசிந்தா, காலை ஆறு மணிப் பேருந்துக்கு இரண்டு வெற்றுக் கேன்களோடு நின்றார். மிச்சம் இருந்த அரைச் சாக்குப் பூந்திக்கொட்டையைப் பக்கிரிசாமி அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார், என் வீட்டுக்கு வரவில்லை. அதிகாரி ஆள் அனுப்பி, இரண்டு பாத்தியிலும் நட்டிருந்த பலகைகளைப் பிடுங்கிக்கொண்டார். பக்கிரிசாமி அண்ணன் மனைவி, காயப்போட்டிருந்த விதை நெல்லைத் திரும்ப மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் வழக்கம் போலப் பள்ளிக்குப் புறப்பட்டேன், போகும் வழியில் வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன்.

என் வரப்பில் பக்கிரிசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கூட்டம் முடிந்த கையோடு ஊரில் கடன் கேட்டு, பன்னிரண்டு மூங்கில் எலிப்பொறிக் கிட்டிகளை வாங்கிவந்து, எலிக்காக அந்த வரப்பு நெடுகிலும் ஊன்றி வைத்திருக்கிறார். பொறி வைத்த ஒவ்வொரு கிட்டியையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெறுமையாக இருந்தன.

“ஒன்றும் விழவில்லையா அண்ணே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் கிட்டியில் வைத்திருந்த தேங்காய்த் துண்டை எடுத்து, மண்ணைத் துடைத்து, மடியில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணுத்துலயும் உழுவல டீச்சரம்மா. படிச்ச எலியா இருக்கும்” என்றார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து அவர் மீதும் ஒரு கண் வைத்திருக்கிறேன். அவர்தான் உங்களை இங்கே அனுப்பினார் என்றீர்கள், இல்லையா?